தொண்டையில் ஊறிய பால்

1931ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த பத்தாம் நாள், நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னர், காத்தான்குடித் தறிகாரன் கச்சி முகம்மதின் தொண்டையில் பால் ஊறியது. அன்றைக்கு வாவிக்காற்று வடக்கிலிருந்து வீசியது, இறால் மலிவு.

அவன் மனைவி சித்தி நபீஸா பெண் குழந்தையொன்றைப் பெற்ற கையோடு மௌத்தாகி, அடக்கம் முடிந்து ஆறு நாளாகியிருந்தது. றமீஸா என்று பெயரிட்ட அந்தக் குழந்தை ஆட்டுப்பாலைக் கக்கியது. பாலூட்ட வந்த அயல்வீட்டுப் பெண்கள் இருவரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆறாம் நாள் அதன் அழுகையும் மெலிந்துவிட்டது. குழந்தையை மடியில் கிடத்தியபடி, ஓடாத தறியின் முன் குந்தியிருந்த கச்சி முகம்மது, அதன் முகத்தைப் பார்க்கத் தாங்காமல் கூரை வளையைப் பார்த்தான்.

அங்கே ஒரு சோடிப் புறா கூடு வைத்திருந்தது. கூடென்று சொல்ல ஏழெட்டுச் சுள்ளிதான். நோன்பின் கடைசிப் பாதியில் கீழே நின்றே இரண்டு முட்டையையும் எண்ணலாம். பகலில் ஆண் அடைகாத்தது, பொழுது சாயப் பெட்டை வந்து இடம் மாற்றியது. தலையைத் தாழ்த்தித் தாழ்த்திக் கூவிக்கொண்டு பெட்டையைச் சுற்றிவந்ததைப் பார்த்தே ஆண் எதுவென்று அறிந்திருந்தான். அதன் வாலில் ஓர் இறகு குறைவு. இப்போது குஞ்சு பொரித்திருந்தது. வாலிறகு குறைந்த ஆண், குஞ்சின் அலகைத் தன் வாய்க்குள் வாங்கி, தொண்டையிலிருந்து வெள்ளையாக எதையோ இறக்கியது.

"றாத்தா, இஞ்ச வாங்க. ஆணும் பால் குடுக்குது" என்றான்.

"புறா பார்க்கிற நேரமா தம்பி இது? புள்ளட மூச்சைப் பாரு" என்று அவன் அக்கா நஸீறா அழுதாள்.

அவன் பிள்ளையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து கனத்தது. வாய் இளஞ்சூடாக நிறைந்தது. சுண்டுவிரலை அதில் நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தான். சப்பியது. பிற்பகல் அஸர் தொழுகைவரை விரலை விடவில்லை. நஸீறா அழுகையை நிறுத்திவிட்டு உலை வைக்கப் போனாள்.

பாலூட்டியதால் வரும் பால்குடி உறவு என்னாகும் என்ற கேள்வி பள்ளிவாசல் லெப்பையிடம் போனது. அவர் மூன்று நாள் கிதாபுகளைப் புரட்டிவிட்டு, எந்தப் புறா என்று விசாரித்தார்.

"பின்கழுத்தில கறுப்புப் பட்டை, அதில பயறு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. நிலத்தில நடந்துதான் விதை பொறுக்கும்" என்றான் கச்சி முகம்மது.

"அப்ப மணிப்புறா. மாடப்புறா இல்ல" என்று தெளிந்துகொண்டார் லெப்பை. "பால் குடுத்தவ உம்மாவாகிறா. நீ முந்தியே வாப்பாதானே? புதுசா ஒரு உறவும் வராது. போ, புள்ளயப் பசியில போடாத."

புறாக்களுக்கு முறைமாற்ற ஆள் இருந்தது. அவனுக்கு இல்லை, பகல்முறையும் இராமுறையும் அவனே இருந்தான். ஏழாம் மாதம் றமீஸா முதல் கஞ்சியைக் குடித்து, இன்னும் கேட்டு வாயைத் திறந்த அன்று பால் வற்றியது. அன்று முழுக்க அவன் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

பின்வந்த ஆண்டுகளில் அவ்வூர் மருத்துவிச்சிமார், பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுக்கும்போது, வாசலில் நிற்கும் தகப்பனையும் தொண்டையை ஒருதரம் அமுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். அநேகமாக ஒன்றும் இராது. யாரும் அதைக் குறையாக எடுக்கவில்லை. 1944இல் ஒருவருக்குக் கொஞ்சம் ஊறியது. தாய் சுகமாக இருந்தபடியால் தேவைப்படவில்லை.