அதிகாரி பார்க்க ஒரு கூடை எறா

கொட்டகை வேலை முடிந்த அன்றே கோவிந்தம்மா தரையைக் கழுவிவிட்டாள். சிமெண்டுத் தரை, தகடு அடித்த இரண்டு மேசை, மரத்தூள் அடைத்த ஐஸ் பெட்டி. எறாவை உரித்து, ஐஸில் வைத்து, மெட்ராஸ் கம்பெனிக்கு அனுப்புகிற தொழில். பழவேற்காட்டு ஏரிக்கரையில் அந்தக் குப்பத்தில் அதுவரை யாரும் தொடங்காத தொழில். பிடித்ததைக் கூடையோடு வியாபாரியிடம் கொட்டிவிட்டு, அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவதுதான் அங்கே வழக்கம்.

புருஷன் மணவாளனின் படகை அடகு வைத்துத்தான் கொட்டகை எழும்பியது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகத் தருகிறது என்று ஒன்றிய ஆபீஸ் பாக்கியநாதன் சொல்லியிருந்தார். அது வந்தால் படகு மீளும். வராவிட்டால் படகு சேட்டுக்குப் போய்விடும்.

பாக்கியநாதன் நல்ல மனுஷர். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து விளக்கிச் சொன்னார்.

"கொட்டகையை மட்டும் பாத்துட்டு மானியம் தர மாட்டாங்கம்மா. வேலை நடக்கறதைப் பாக்கணும். திருவள்ளூர்ல இருந்து பெரிய ஆபீசர் ஜீப்ல வருவார். மார்ச் முடிஞ்சா இந்த வருஷத்துப் பணமும் முடிஞ்சிடும். அவருக்கு ஒரு நாள்தான் ஒழியும். எந்த நாள் சொல்லட்டும்?"

ஏரியில் முகத்துவாரத்துப் பக்கம் எறா விழுகிற இடத்தில் மூன்று குப்பத்துக்காரர்கள் முறை வைத்து வலை போடுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கோவிந்தம்மா விரல் விட்டு எண்ணி, தன் குப்பத்துப் பாடு வருகிற வெள்ளிக்கிழமையைச் சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் குப்புராஜ் செத்துப்போனார். ஊர்த் தலைவர் துலுக்காணத்தின் அண்ணன். மகன் பெஜவாடாவிலிருந்து வர வேண்டும். நாளை மத்தியானம்தான் எடுப்பது என்றார்கள். குப்பத்தில் பிணம் கிடக்கும்போது யாரும் ஏரியில் கால் வைக்க மாட்டார்கள். பாடு போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

சாவு வீட்டில் அழுதுவிட்டு வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கோவிந்தம்மா புருஷன் எதிரே உட்கார்ந்தாள்.

"ஆபீசருக்குத் தந்தி குடுத்துட்டா?" என்றான் மணவாளன்.

"தந்தி ஆபீசு இன்னேரம் பூட்டியிருப்பான். காலீல போயி குடுக்கறதுக்குள்ள ஜீப்பு இங்க நிக்கும்."

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்றே?"

"ஒரு கூடை. ஒரே ஒரு கூடை போதும்யா."

மணவாளன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "பொணம் தெருவுல கெடக்குது. இன்னாமே பேசறே?"

"தெரிஞ்சிதான் பேசறேன். நாளைக்குப் படகு போச்சின்னா உன்ன யாரு பாட்டுல சேத்துப்பான்? படகு இல்லாதவனுக்கு ஏரியில இன்னா வேல?"

மணவாளன் விடிவதற்கு முன் வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கத்து ஓடைப் பக்கமாகப் போனான்.

எறா உரிக்கக் காலனியிலிருந்து மேரியும் சாராளும் வந்தார்கள். கூடையை எட்டிப் பார்த்ததும் மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாக்கா, இதுக்கு ரெண்டு ஆளா? நான் தலையக் கிள்றேன், சாராளு வாலக் கிள்ளட்டும்."

"மெதுவா உரிங்கடி. ஆபீசரு போற வரைக்கும் தீரக் கூடாது."

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. பெரிய ஆபீசர் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார், மேசையைத் தட்டிப் பார்த்தார், மேரியின் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தெருக்கோடியிலிருந்து பறைச் சத்தம் கேட்டது.

"என்ன, திருவிழாவா?"

"சாவுங்க சார்," என்றாள் கோவிந்தம்மா.

"சாவு அன்னைக்கும் வேலையை நிறுத்தலை. பாத்தீங்களா பாக்கியநாதன்? இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் கொடுக்கணும்."

பாக்கியநாதன் கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்த்தார். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும்போது சாவு வீட்டுக்கு எதிரே ஜீப் நின்றுவிட்டது. தெருவை அடைத்துப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் மரியாதைக்கு இறங்கினார், செருப்பைக் கழற்றினார், பிணத்தைக் கும்பிட்டார். பிறகு துலுக்காணத்திடம், ஊருக்கு ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "வருத்தம்தான். ஆனா உங்க ஊர்க்காரங்க எல்லாம் அந்தக் கோவிந்தம்மாவைப் பாத்துக் கத்துக்கணும். இவ்வளவு துக்கத்துலயும் காலையில பிடிச்ச எறாவை உரிச்சிக்கிட்டிருக்காங்க," என்றார்.

பறை நின்றுவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் ஊர் கூடியது. மணவாளன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையைக் கட்டி நின்றான். கோவிந்தம்மா துலுக்காணத்தின் காலில் விழுந்தாள்.

"மாமா, அபராதம் போடுங்க. எவ்ளோன்னாலும் கட்டறோம்."

"எங்கண்ணன் மூஞ்சில ஈ மொய்க்கக் கெடந்தான். நீ எறா உரிச்சிக்கினு இருந்தே. அதுக்கு எவ்ளோ அபராதம்னு நீயே சொல்லு."

மணவாளன் பெயரைப் பாடு முறையிலிருந்து எடுத்தார்கள். மூன்று குப்பத்திலும் யாரும் அவள் கொட்டகைக்கு எறா போடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள்.

மானியம் மே மாதம் வந்தது. படகு மீண்டு வந்து மணலில் கவிழ்ந்து கிடந்தது. கொட்டகையில் உரிக்க எறா இல்லை. ஐஸ் லாரிக்காரன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கம் வருவதையே விட்டான். மணவாளன் கும்மிடிப்பூண்டியில் எழும்புகிற ஒரு தொழிற்சாலைக்குச் செங்கல் சுமக்கப் போனான்.

ஆடியில் பாக்கியநாதன் வந்தார். பூட்டைப் பார்த்தபடி நின்றார்.

"பெட்டியையும் மேசையையும் வித்துடறேன் சார்," என்றாள்.

"முடியாதும்மா. அஞ்சு வருஷம் தொழில் நடத்தறேன்னு கையெழுத்து போட்டிருக்கே. நடத்தாட்டி மானியத்தைத் திருப்பிக் கட்டணும்."

"எறா இல்லியே சார்."

"தெரியும்மா," என்றார் அவர். "பாரத்துல அதை எழுதறதுக்கு இடம் இல்ல."

கட்டுவதற்கு அவர்களிடம் படகு ஒன்றுதான் இருந்தது. வெளியூர் ஆள் எவனும் அந்தப் படகைக் கேட்டு வரவில்லை. கடைசியில் துலுக்காணமே வந்தார். கவிழ்ந்து கிடந்த படகைச் சுற்றி நடந்து, பலகையைத் தட்டிப் பார்த்தார். மணவாளன் சொன்ன விலைக்குத் தலையாட்டினார். ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை.

மணவாளன் துடுப்பை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தான். அவர் அதை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"மாமா," என்றாள் கோவிந்தம்மா.

அவர் திரும்பாமலே நடந்தார்.