மேனேஜர் கழுதையின் சிரிப்பு

'இந்தப் படத்துல ஒரு பேய் இருக்கு. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.'

போனில் அந்தக் கமென்டைப் படித்ததும் ரூபீனா டிபன் பாக்ஸை மூடினாள். பசி போய்விட்டது.

ரங்கநாதன் தெருவில் அவள் வேலை பார்க்கும் மேட்சிங் பிளவுஸ் கடையின் மாடியில், துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில்தான் தினமும் போனில் அப்பாவின் குரலைக் கேட்பாள். 'மேனேஜர் கழுதை' என்று ஒரு கார்ட்டூன். எண்பதுகளின் தொடக்கத்தில் தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டிய சின்னப் படம். ஓர் ஆபீஸில் மேனேஜர் நாற்காலி காலியாக இருக்க, வழி தவறி வந்த கழுதை ஏறி உட்கார்ந்துகொள்ளும். லீவு கேட்டு வருகிறவர்கள் நீட்டும் காகிதத்தையெல்லாம் தின்னும். கடைசியில் நிஜ மேனேஜரே வந்து கைகட்டி நிற்க, கழுதை சிரிக்கும். அந்தச் சிரிப்பு ரூபீனாவின் அப்பா ஷரஃபுதீனுடையது. ஸ்டூடியோவில் மழைச் சத்தம், கதவுச் சத்தம், குதிரைக் குளம்பு என்று எதைக் கேட்டாலும் உண்டாக்கித் தருகிற எஃபெக்ட்ஸ் ஆள். அவளுக்கு இரண்டு வயதாகும்போது போய்விட்டார். போட்டோ இருக்கிறது. குரல் என்று இது ஒன்றுதான்.

பழைய படச்சுருள்களைத் தேடி அலைகிற தமிழ்மாறன் என்பவன் அதை யூட்யூபில் ஏற்றியதிலிருந்து வீடியோவுக்குக் கீழே கமென்டில் ஊரே கூடிவிட்டது. 'மாம்பலத்துல எங்க மாமாகூட பாத்தது. இப்பவும் ஆபீஸ்ல மேனேஜர் அந்தாண்ட போனா இந்தச் சிரிப்புதான்.' 'இதெல்லாம் ஒரு காமெடியா? அங்கிள்ஸ், ப்ளீஸ்.' 'கழுதைக்கு வாய்ஸ் குடுத்த மனுசன் யாருப்பா? கோயில் கட்டலாம்.' கடைசியாகச் சொன்னதை மட்டும் ரூபீனா திரும்பத் திரும்பப் படிப்பாள்.

இப்போது பேய்.

'சிரிப்பு முடியற எடத்துல கொழந்த ஒண்ணு அழுவுது மச்சி. சத்தியமா.' 'படத்துல கொழந்தையே கெடையாதே?' 'சிரிச்சவன் மனுசனே இல்ல. என் பொண்ணு பயந்து சாப்பிடல.' ஒருவருக்கு ஒருவர் பற்றவைத்துக்கொண்டு பேய்க்கதை நீண்டுகொண்டே போனது. என் அப்பாவையா? ரூபீனாவுக்குக் காது சுட்டது. கீழ்க் கடை அன்புக்கரசியிடம் ஹெட்போன் வாங்கி மாட்டிக்கொண்டாள். ஆபீஸ், நாற்காலி, காகிதம். அப்பா சிரித்தார். மூச்சு இறங்கி, சிரிப்பு தேய்கிற இடத்தில்... இருந்தது. தூரத்தில், மேளச் சத்தத்துக்கு அடியில், ஒரு பச்சைக் குழந்தையின் வீறல்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். உடனே, அப்பாவைப் பற்றிச் சொல்லி முன்பே நம்பர் வாங்கிவைத்திருந்த தமிழ்மாறனை அழைத்தாள்.

"அக்கா, நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றான் அவன். "நாளைக்கு ஞாயித்துக்கெழம, கோபாலபுரத்துல ஒரு ஸ்கூல் ஹால்ல இத போடறோம். பசங்கல்லாம் வருவாங்க. அந்தச் சத்தத்த எடுத்துடவா? இப்பல்லாம் அது ஈசி."

"எடுத்துடுப்பா. எங்கப்பாவப் போயி பேய்ங்கறாங்க."

"பழச தூக்கிட்டு புதுசு ஏத்திட்றேன்."

"படச்சுருள் பத்திரமா இருக்குல்ல?"

"எங்கக்கா? புளிச்சு, காடி நாத்தம் அடிச்சுக் கெடந்துது. காப்பி எடுக்கும்போதே நொறுங்கிடுச்சு. இனிமே கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான்."

அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் மத்தியானம், அசோக் நகர் வீட்டில், பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அம்மி, அஸ்மத்துன்னிசா, இந்தப் படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ரூபீனா போனில் போட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். செத்த புருஷனின் குரல், தாங்காது, என்றுதான் ரூபீனா நினைத்திருந்தாள்.

"சாயங்காலம் ஹால்ல போடறாங்க. நீ வரமாட்டேன்னு தெரியும். அதுல ஒரு கொழந்த அழற சத்தம் கேக்குது அம்மி. பேய்னு எழுதறாங்க. அத மட்டும் எடுக்கச் சொல்லிட்டேன்."

பூண்டு கையிலிருந்து விழுந்தது.

"எடுத்துட்டானா?"

வீட்டில் பேச்சு உருதுதான். அம்மி தமிழுக்கு மாறினால் ஏதோ கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

"ஏன், என்ன அம்மி?"

"அது ஃபைசான். உனக்கு மின்னாடி பொறந்தவன்."

ரூபீனா நாற்பது வருஷம் இந்த வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்திருக்கிறாள்.

அம்மி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் ஸ்டூடியோவுக்கு சாப்பாடு எடுத்துக்கினு போனேன். இடுப்புல இவன். காலைலேர்ந்து உங்கப்பா சிரிச்சுக்கினு இருக்காரு, டைரக்டரு தலைல அடிச்சுக்கறாரு. 'பாய், இது மனுசன் சிரிப்பு. எனக்கு கழுத வேணும்.' உங்கப்பா நேரா வந்து புள்ளைய வாங்கினு போயி மைக்குக்கு எதிர்ல வெச்சுக்கினாரு. வீட்ல அவன்கிட்ட அப்படித்தான் வெளையாடுவாரு, கழுத மாதிரி. அவனப் பாத்தாதான் அந்தச் சிரிப்பே வரும். அன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தியா சிரிச்சுட்டாரு. புள்ள பயந்து வீல்னு கத்திடுச்சு. டைரக்டரு குதிக்கறாரு, 'இதான்யா கழுத'ன்னு. அழுகைக்கு மேல மேளத்தப் போட்டு மூடிட்டாங்க."

"அப்புறம்?"

"ஒரு வயசு முடியறதுக்குள்ள போட்டோ எடுத்தா புள்ளைக்கு ஆகாதுன்னு என் மாமியார் சொல்லி வெச்சிருந்தாங்க. நாங்க எடுக்கல. ஒரு போட்டோகூட எடுக்கல. கொரல எடுத்தா என்னான்னு யாரும் சொல்லல மவளே. எங்களுக்கும் தோணல." புடவைத் தலைப்பால் பூண்டுக் கையைத் துடைத்தாள். "காய்ச்சல் வந்துது. போயிட்டான். நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதறதுக்குள்ள படம் வந்துடுச்சு. ஊரே சிரிச்சுது. தெருப் பசங்க ஜன்னலாண்ட வந்து சிரிச்சுக் காட்டுவானுங்க. நான் உங்கப்பாகிட்ட சொன்னேன், நீதான் எம் புள்ளைய பொட்டில புடிச்சுக் குடுத்துட்டன்னு. அதுக்கப்புறம் அவரு வீட்ல சிரிக்கவே இல்ல."

ரூபீனா போனைத் திறந்தாள். வீடியோ இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம். 'இந்த வீடியோ இப்போது இல்லை.' தமிழ்மாறனை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும். எடுக்கவில்லை.

"அம்மி, நீதான் அத கேக்கவே மாட்டியே. இருந்தா என்ன, போனா என்ன?"

"எங்கயோ அழுதுக்கினு இருக்கான்னு தெரியும்ல. அதுவும் இல்லன்னா அவன் எங்க இருக்கான், சொல்லு."

அம்மி புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஆட்டோவில் பாண்டி பஜாரைத் தாண்டுவதற்குள் ரூபீனா பதினாறு செய்தி அனுப்பியிருப்பாள். கோபாலபுரத்தில் பள்ளிக்கூட வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் வழுக்கைத் தலைகள், பேரன் பேத்திகள், போனைத் தூக்கிப் பிடித்த இளவட்டங்கள். முன்னால் மேஜையில் லேப்டாப்போடு தமிழ்மாறன்.

"அக்கா! வந்துட்டீங்களா? கண்ணாடி மாதிரி பண்ணிட்டேன், பாருங்க."

"பழசு எங்க?"

"டெலிட் பண்ணிட்டேனே. நீங்கதான..."

"அது எங்கண்ணன்பா." முதல்முறையாக அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. "அழறது எங்கண்ணன். அது ஒண்ணுதான் அவன்."

தமிழ்மாறன் அவளைப் பார்த்தான். பின்னால் நின்ற அம்மியைப் பார்த்தான். "குப்பைல இன்னும் இருக்கான்னு பாக்கறேன்," என்று லேப்டாப்பில் குனிந்தான். விரல்கள் பறந்தன.

"இன்னா தம்பி, போடறியா, வூட்டுக்குப் போவட்டா?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். யாரோ விளக்கை அணைத்தார்கள்.

இருட்டில் கிடைத்த நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். திரை வெளுத்தது. எந்தப் பிரதி ஓடுகிறது என்று ரூபீனாவுக்குத் தெரியாது.

கழுதை நாற்காலியில் ஏறியதுமே ஹாலில் சிரிப்பு கிளம்பியது. "இப்பப் பாரு, இப்ப லீவு லெட்டர துன்னும்," என்று முன்கூட்டியே சொன்னார் அதே பெரியவர். "கிரிஞ்சு," என்றது ஒரு பெண் குரல். பிறகு அதுவும் சிரித்தது. நிஜ மேனேஜர் உள்ளே வந்தான். கைகட்டினான். ரூபீனா அம்மியின் பக்கம் பார்க்கவில்லை.

ஷரஃபுதீன் சிரித்தார்.

கூடவே ஹால் முழுதும் சிரித்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. அந்த ஆரவாரத்துக்கு நடுவே அப்பாவின் சிரிப்பு ஏறி, உடைந்து, மூச்சு வாங்கி, இறங்கியது. மேளம் தொடங்கியது. மேளம் மட்டும்.

ரூபீனா கண்களை மூடிக்கொண்டாள்.

அப்போது கேட்டது. பெரிய ஒலிபெருக்கியில், ஹெட்போனில் கேட்டதைவிடத் தெளிவாக, பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோல. வீல்.

சிரிப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. தலைகள் இருட்டில் இங்குமங்கும் திரும்பின.

"யாருமா அது, கொழந்தையக் கூட்டிக்கினு வந்தது?" என்றார் பின்வரிசைப் பெரியவர். "வெளில தூக்கினு போங்கம்மா. கத்துது பாரு."

"இதோ," என்றாள் அஸ்மத்துன்னிசா, திரும்பாமல். "இதோ, அடங்கிடுவான்."

திரையில் படம் முடிந்து வெள்ளையாக நின்றது. அந்த வெளிச்சத்தில் ரூபீனா பார்த்தாள். அம்மியின் இடது கை மடியில் வளைந்திருந்தது. வலது கை அதன்மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.