ராஜவேலின் நல்ல கை

"பீச்சாங்கையாலயா சோறு திங்குற? இது என்னா வூடுன்னு நெனச்ச?" மாமியார் கிருஷ்ணம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மலர்க்கொடி இடது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, வலது முழங்கையில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். கை மடங்கவில்லை, விரல்களும் மூடுவதில்லை. மாமியார் ஊட்டிவிடும் நேரத்தில்தான் அவளுக்குப் பசிக்க வேண்டும்.

வைத்தியம் நடக்காமல் இல்லை. வாரம் இரண்டு நாள் செந்துறையில் பஸ் ஏறி, அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்கள். அங்கே பிசியோதெரபிக்குத் திருமுருகன் ஒருவன்தான். முதல் நாள் அவன் அவள் முழங்கையைப் பிடிக்கப் போனபோது கணவன் ராஜவேல் குறுக்கே வந்தான்.

"எம் பொண்டாட்டி மேல கை வைக்காதீங்க சார். என் கையில காட்டுங்க. வூட்டுல நான் செஞ்சு வுடுறேன்."

படித்தவன் வாதாடியிருக்க வேண்டும். வெளியே வரிசை நீண்டிருந்தது. திருமுருகன் ராஜவேலின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதன்பின் இரண்டு மாதமாக மடக்குவதும் நீட்டுவதும் ராஜவேலின் கைக்குத்தான். மலர்க்கொடி ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். வீட்டில் ஒரே ஒருநாள் அவள் கையை மடக்கிப் பார்த்தான். அவள் அலறியதும், "தெருவுல என்னா நெனப்பாங்க?" என்று விட்டவன்தான். குடும்ப மானம் மட்டும் சேதமில்லாமல் இருந்தது.

இன்று ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கருத்தைக் கேட்க, சத்யா என்ற கல்லூரி மாணவி படிவத்தோடு வந்திருந்தாள்.

"இங்க எக்சர்சைஸ் எப்டிக்கா செஞ்சு வுடுறாங்க?"

மலர்க்கொடியைத்தான் கேட்டாள். பதில் ராஜவேலிடமிருந்து வந்தது.

"ரொம்பப் பொறுமையா செய்வாரு. வலியே தெரியாது."

சத்யா 'மிக நன்று' என்று குறித்தாள்.

"அவருக்கு எப்டிம்மா வலிக்கும்?" என்றாள் மலர்க்கொடி. "அது நல்ல கை. என் கைய இங்க ஒருத்தரும் தொட்டதில்ல. அப்டியே எழுது."

பிறகு திருமுருகன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "நீங்க பாருங்க தம்பி."

ராஜவேல் எழுந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

திருமுருகன் மெல்ல மடக்கினான். கை பாதியிலேயே நின்றுவிட்டது. மறுபடியும் முயன்றான். அவன் முகம் வாடிவிட்டது.

"அப்பவே புடிச்சு மடக்கியிருக்கணும்க்கா. இறுகிப்போச்சு. இனிமே வாய் வரைக்கும் வராது. நான்தான் அன்னிக்கே..."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்று கத்தினான் ராஜவேல்.

சத்யா புதுப் படிவம் எடுத்து, மலர்க்கொடி சொன்னதையே எழுதி, கையெழுத்துக்கு நீட்டினாள். ராஜவேல் பழக்கத்தில் பேனாவுக்குக் கை நீட்டினான். மலர்க்கொடி அதை இடது கையில் வாங்கிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோணல் கோணலாக எழுதினாள். கண்ணீர் காகிதத்தில் விழுந்தது. முழுப்பெயரையும் எழுதி முடித்தாள்.

"பீச்சாங்கையாலயா போடுற?" என்றான் ராஜவேல் தாழ்ந்த குரலில்.

"சோறும் இனிமே இதாலதான். ஒங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."