தொப்பி போட்ட அலாரமும் கேஜன் தூளும்

லண்டன் ரெய்னர்ஸ் லேன் கிருஷ்ணராசா பழைய மாணவர் சங்கத்துக்கு இரண்டு தரம் தலைவராக இருந்தவர். பதவி போய் ஆறு வருசம். குரல் மட்டும் இன்னும் போகவில்லை. வீட்டில் உப்புக் கேட்பதென்றாலும் "இத்தருணத்திலே" என்றுதான் தொடங்குவார்.

அவரை மூன்று ஞாயிறாக ஒரு கவலை அரித்தது. கோலியர்ஸ் வுட்டில் தனியாக வீடெடுத்துப் போன மகள் மேனுஷா வருகிறாள், "சாப்பிட்டிட்டன் அப்பா" என்கிறாள், தேத்தண்ணியோடு கிளம்பிவிடுகிறாள். தனியாகப் போன பிள்ளைக்கு வீட்டுக்கறி இறங்காது என்று ஏகமனதாக, அதாவது தான் ஒருவராகவே, தீர்மானித்து முதல் ஞாயிறு பாஸ்தா, அடுத்தது பீட்சா, போனமுறை லசான்யா என்று செய்து பார்த்துவிட்டார். ஒன்றையும் அவள் தொடவில்லை.

இந்த ஞாயிறு கேஜன் கோழி. அமெரிக்காவில் லூசியானாக்காரர் போடுகிற தூள். கடையில் போத்தலில் கிடைக்கும்தான். தலைவர் போத்தல் தூள் போடுவாரா?

மேசையில் அச்செடுத்த தாள், தராசு, வரிசையாகக் கிண்ணங்கள்: பப்ரிக்கா, உள்ளித்தூள், வெங்காயத்தூள், ஒறிகானோ, தைம், மிளகு, மிளகாய்த்தூள்.

"இது விஞ்ஞானம், கமலா. உம்மட கைக்கணக்கு இதிலை சரிவராது."

"நல்லது," என்றாள் மனைவி கமலாம்பிகை, தங்கள் இருவருக்குமான வெண்டிக்காயை வெட்டிக்கொண்டே. "கலக்கிறதுதானே? மூண்டு நிமிச வேலை."

கிருஷ்ணராசா கலந்ததை முகர்ந்தார். முகம் சுருங்கியது.

"பச்சை வாசம் அடிக்குது. பிள்ளைக்கு வயித்தைக் குத்தாதே?"

"லூசியானாவிலை ஒருத்தருக்கும் குத்தேல்லைப் போல."

அவர் மாடிக்குப் போய் ஷவர் தொப்பியோடு இறங்கி வந்தார். கதிரையில் ஏறி, புகைக்கு அலறாதபடி ஸ்மோக் அலாரத்துக்கு அதை மாட்டினார். தூள் வறுக்கிற நாளில் மட்டும் அந்த வீட்டு அலாரம் தொப்பி போடும். கமலாம்பிகை கத்தியை வைத்துவிட்டு யன்னல்களைத் திறக்கப் போனாள்.

வறுக்க வறுக்க, பெருஞ்சீரகம் இல்லாதது குறையாகப் பட்டது. அதைப் போட்டதும் கறிவேப்பிலை இல்லாதது குறையாகப் பட்டது. பிறகு மல்லி. சிவப்பாயிருந்த விஞ்ஞானம் கோப்பித்தூள் நிறத்துக்கு வந்தது. அச்செடுத்த தாளின் மேலேயே தூள் படிந்த கரண்டியை வைத்தார்.

மத்தியானம் மேனுஷா வந்தாள். சப்பாத்தைக் கழற்றியபடி, "சாப்பிட்டிட்டன்..." என்று தொடங்கியவள் மூக்கை உயர்த்தினாள்.

"தூள் வறுத்தனீங்களோ?"

"கேஜன்," என்றார் தகப்பன், மேடைக்குரலில். குரல் பாதியில் உடைந்தது. "வேண்டாமெண்டால் பரவாயில்லை."

அவள் நின்றபடியே ஒரு கோழிக்காலை எடுத்துக் கடித்தாள். ஆயிரம் கூட்டத்தில் பேசியவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொன்றை எடுத்தாள். கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"அம்மா, சோறு இருக்கோ? வெண்டிக்காயும் போடுங்கோ."

"எப்பிடி?" என்றார் அவர், மெல்ல.

"இதிலை எல்லாம் இருக்கப்பா. கேஜன்தான் இல்லை."

கமலாம்பிகை சிரிப்பை அடக்கச் சட்டிப் பக்கம் திரும்பினாள்.

"கிழமை முழுக்கப் பாஸ்தாதான் திண்டுகொண்டிருக்கிறன். இஞ்சை வந்தால் நீங்களும் அதையே நீட்டுறியள். அதுதான் சாப்பிட்டிட்டன் எண்டு சொன்னனான்." விரலைச் சூப்பினாள். "அடுத்த ஞாயிறும் கேஜனே செய்யுங்கோ. மீனிலை."

"இத்தருணத்திலே..."

"இத்தருணத்திலே அலாரத்தின்ர தொப்பியைக் கழட்டுங்கோ," என்றாள் கமலாம்பிகை.

கழற்றினார். ஆனால் குளியலறைக்குக் கொண்டுபோகவில்லை. அடுப்பங்கரை ஆணியில், ஏப்ரனுக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டார்.