கருமூஞ்சிக்குப் பழம் ஆகாது

காட்டோர விடுதியில் அவளை எல்லோரும் தழைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பேரை வைத்தவர் விடுதி மேலாளர், அவளுடைய சொந்தத் தாய்மாமன். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, விடுதியைச் சுற்றியுள்ள விலங்குகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்து, எந்தக் குரங்கு எந்தத் தழையைத் தின்கிறது என்று கழுத்து நோக அண்ணாந்து பார்த்துத் திரிகிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்? போதாததற்கு, குரங்கு தின்கிற எதையும் அவளும் ஒரு கடி கடித்துப் பார்ப்பாள். சாப்பாட்டு மேசையில் அவள் கையிலிருந்து எதையும் வாங்க எல்லோருக்கும் பயம்.

அந்தக் காட்டில் இரண்டு வகைக் குரங்குகள். செம்மூஞ்சிகள் அடாவடிப் பேர்வழிகள். பழம், பூச்சி, விருந்தாளி மறந்துவைத்த ரொட்டி என்று அகப்பட்டதையெல்லாம் கன்னத்தில் அடைத்துக்கொண்டு ஓட்டம் பிடிக்கும். கருமூஞ்சிகளுக்குக் கொழுந்தும் காயும் போதும். தின்றுவிட்டுக் கிளையில் சாய்ந்து கிடக்கும். மாட்டுக்கு இருப்பதுபோல அறை அறையான வயிறு, இலை அதற்குள் மெல்ல நொதித்துத்தான் செரிக்கும். ஒரே மரத்தில் இரண்டும் பந்தி உட்கார்ந்தாலும் சண்டை வராது. ஆனால் கருமூஞ்சியின் வயிற்றில் இனிப்புப் பழம் அளவுக்கு மீறி விழுந்தால் புளித்துப் பொங்கி உயிரையே குடித்துவிடும்.

இதெல்லாம் மாமாவின் காதில் ஏறவில்லை. மாடியில் நிற்கும் விருந்தாளிகள் வாழைப்பழம் வீசுவதற்கென்று கருமூஞ்சிகள் தூங்கும் மரத்தடியிலேயே ஒரு மரமேடை கட்டினார். அங்கேதான் படம் அழகாக விழுமாம். ஒத்திகை என்று கூடை கூடையாகப் பழம் கொட்டினார்கள். மறுநாள் ஒரு தாய்க்குரங்கு வயிறு பானையாக உப்பி, தழைக்காரியின் மடியிலேயே செத்துப்போனது. அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. கை கழுவக்கூட நிற்காமல் மாமாவின் அறைக்குப் போனாள்.

"மாமா, நாளைக்கு மேடையைத் திறக்காதீங்க. மொத்தக் கூட்டமும் செத்துடும்."

"குரங்குன்னா பழம் திங்கும். பச்சப்புள்ளைக்கும் தெரியும். நீ என்னமோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி..."

"ஒரே வீடு, ஒரே அடுப்பு. உங்களுக்கு மட்டும் அத்தை ஏன் சர்க்கரை போடாம காப்பி தர்றாங்க?"

மாமாவின் முகம் கடுகடுத்தது. "வாய் ரொம்ப நீளுது. இந்த வேலையை வாங்கிக் குடுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. அந்த வேலையைத்தான் பாக்கிறேன்."

மறுநாள் காலை மாடி நிறைய விருந்தாளிகள். ஆளுக்கொரு பழம் கையில். மரத்திலிருந்து கருமூஞ்சிகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. ஒருமுறை இனிப்பு கண்ட நாக்கு சும்மா இருக்குமா? அப்போதுதான் தழைக்காரி விறுவிறுவென்று போய் மேடையில் ஏறி, நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இறங்கிய குரங்குகள் பாதி வழியில் தயங்கி நின்றன.

"இதுங்க இலை திங்கிற குரங்கு. உங்க பழத்தைத் தின்னா வயிறு வீங்கிச் செத்துடும். நேத்து ஒண்ணு செத்துச்சு. நான்தான் புதைச்சேன்!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

மாடியில் சலசலப்பு எழுந்தது. சிலர் கையைத் தாழ்த்தினார்கள். வேடிக்கை என்று நினைத்துக்கொண்ட ஒருவர் பழத்தை வீசினார். அது அவள் முன்னால் வந்து விழுந்தது. எடுத்தாள், உரித்தாள், தின்றாள்.

"கீழ இறங்குடி!" மாடியில் விருந்தாளிகளோடு நின்ற மாமா கத்தினார். "இறங்கலைன்னா உனக்கு இங்க வேலையும் இல்ல, நான் உனக்கு மாமாவும் இல்ல!"

"வேலையை எடுத்துக்குங்க. மாமாவா இருக்கிறதும் இல்லாததும் உங்க இஷ்டம். இந்தப் பலகையில விழற ஒவ்வொரு பழத்தையும் நான்தான் திம்பேன்."

மாமா, பக்கத்தில் நின்ற விருந்தாளியின் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கி, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து விட்டெறிந்தார். அது அவள் தோளில் பட்டுச் சிதறியது. மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் இப்போது அவரைத்தான் பார்த்தார்கள்.

தழைக்காரி தோளிலிருந்து பழத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்தது?" என்றாள்.