பட்டனும் சாவியும்

கோழிக்குஞ்சுப் பெட்டிகள் எல்லாம் ஏறிய பிறகுதான் லாரி தன் குணத்தைக் காட்டியது. சாவியைத் திருப்பத் திருப்ப இன்ஜின் இருமியதே தவிர எழுந்திருக்கவில்லை. உள்ளே இருந்தவை நேற்றுப் பொரித்த குஞ்சுகள். விடியற்காலைக் குளிரில் தார்ப்பாய்க்குள்ளிருந்து அவை கத்திய கத்தல், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தவளின் முதுகில் ஊசியாகக் குத்தியது.

பொரிப்பகத்து சூப்பர்வைசர் கதவிலேயே நின்று கைவிரித்துவிட்டார். வெளியே போன குஞ்சை மறுபடி உள்ளே விட்டால் நோய் வரும் என்றார். வேறு வண்டி மதியம்தான் வரும். அதற்குள் பாதி விறைத்துப்போகும். வழக்கமாக ஓட்டுகிற அவள் புருஷன் காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தான். துணைக்கு வந்திருந்தவன் கொழுந்தன், மோட்டார் ரிப்பேர்க்காரன். தொட்ட இடமெல்லாம் கரண்ட் போகும் என்று அவனுக்கு ஃபியூஸ் என்றே பேர்.

குளிரில் டீசல் பற்ற வேண்டுமானால் முதலில் ஹீட்டர் பிளக்குகள் சூடாக வேண்டும். அவற்றுக்குத் தானாகக் கரண்ட் விடும் டப்பா கருகியிருந்தது. ஃபியூஸ் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்றைப் ரிலே என்கிற பழைய சுவிட்சுக்கு இழுத்தான்; ரிலேயிலிருந்து பிளக்குகளுக்கு இன்னொன்று. ரிலேயைத் தட்டிவிட மெல்லிய வயரைக் கேபினுக்குள் கொண்டுவந்து, அதன் முனையில் ஒரு காலிங்பெல் பட்டனைக் கட்டி அவள் கையில் கொடுத்தான்.

யார் வீட்டுப் பெல் இது என்று கேட்டாள். நம்ம வீட்டுதுதான், ரிப்பேருக்குக் கழற்றி மாசமாச்சு, அண்ணன் காதில் போட்டுவிடாதீர்கள் என்றான். பிறகு குரலை இறக்கினான்.

"சொல்ற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க அண்ணி. பேட்டரியில இன்னும் ஒரு தடவைக்குத்தான் தெம்பு இருக்கு."

அமுக்கினாள். முன்னால் ரிலே டக்கென்றது. தூக்கியிருந்த பானெட் அவனை மறைத்தது. பின்னால் கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதுபோல் பட்டது. விரல் மரத்துப்போனது.

"அண்ணி, எடுங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எடு என்றால் வண்டியை எடு என்றுதான் அர்த்தம். சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் முக்கியது, முனகியது, குபுக்கென்று வெள்ளைப் புகை விட்டுப் பிடித்துக்கொண்டது. அதே நேரம் பானெட்டுக்குள் இரும்பில் ஏதோ மோதித் தெறித்தது. ஃபேன் சுற்றுகிற இடம். அவன் கை வைத்திருந்த இடம். இறங்கிப் பார்க்கவும் வழியில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கினால் வண்டி அணைந்துவிடும்.

"தம்பி, கை இருக்கா?"

மிதித்த கால் மிதித்தபடி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"இருக்கு. ஸ்பேனர்தான் போச்சு."

ஜன்னலுக்கு வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. வயர் புகைஞ்சுது, பட்டனிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன் என்றான். கை என்று நீ சொல்லவே இல்லையே என்றாள்.

"அப்ப இனிமே விடுங்கன்னு சொல்றேன்."

"வண்டிய விடச் சொல்றியாக்கும்னு உன் மேலயே ஏத்திடுவேன்."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கருகிய வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவன் ஏறிக்கொண்டான். இனிக் குஞ்சுகளை இறக்க வேண்டிய பண்ணை போய்ச் சேரும் வரை இன்ஜினை அணைக்கக்கூடாது. அணைத்தால் அதோடு சரி.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாக அணைய, அவள் மட்டும் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி இருந்தாள். அப்போதுதான் கவனித்தாள்: பின்னால் சத்தமே இல்லை. சூடு பிடித்துத் தூங்கினாலும் குஞ்சு கத்தாது, செத்தாலும் கத்தாது. பார்த்துவிட்டு வா என்றாள்.

போனவன் வர நேரமானது. வந்தபோது கையில் ஒரு பெட்டி.

"மத்ததெல்லாம் தூங்குது. இது ஓரத்துல இருந்துச்சு. இதுலதான் சிலது..." இன்ஜின் சூடு வரும் கால்மாட்டில் பெட்டியை வைத்தான்.

மூடியைத் திறக்காதே, காற்றுப்படும், ஓட்டை வழியாக விரலை விட்டுப் பார் என்றாள். விட்டான். கேட் ஏறத் தொடங்கியது. முன்னால் நின்ற வண்டிகள் உறுமின. அவள் கியரில் கை வைத்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொத்துது அண்ணி."