படியில் அமர்ந்த பெண்கள்

விடியுமுன்பே டோரீன் முழங்காலிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைக் கறை சிமெந்தில் ஊறிப்போயிருந்தது. ஹட்டன் மலைக் குளிரில் வாளித் தண்ணீர் விரல்களை விறைக்க வைத்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலைநாட்களைக் குறைத்துவிட்டார்கள். தோட்டத்து லயத்தில், அவர்களின் ஒற்றை அறையில், படுத்த படுக்கையாய் அப்பா. கடைசியில் அவளுக்குக் கிடைத்தது பெரியதம்பி முதலாளியின் வீடியோ கேம் கடைதான். அது எண்பத்தாறாம் ஆண்டு.

புதிதாக வந்த விளையாட்டுப் பெட்டியைத் துடைக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதன் திரையில் ஒரு பெண்ணைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஆடுபவன் ஜெயிக்க ஜெயிக்க அவள் உடுப்பு ஒவ்வொன்றாய்க் கழன்று விழும். அந்தத் திரைப் பெண்ணுக்குப் பேச்சில்லை, சிரிப்பு மட்டும்தான். வாலிபர்கள் அவளுக்கு டோரீன் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் ஒருவன் ஜெயித்தான். நேரே வந்து, சில்லறை மாற்றிக்கொடுத்த டோரீனின் சட்டையைத் தோளில் பிடித்து இழுத்தான்.

“ஜெயிச்சுட்டேன்ல? கழட்டு.”

தையல் விட்டது. கடையே சிரித்தது. அவள் கையிலிருந்த சில்லறைத் தட்டால் அவன் முகத்தில் அறைந்தாள்.

முதலாளி ஓடிவந்தார். “வெளையாட்டுக்குப் பண்ணுனான். அதுக்கு அடிப்பியா?”

“அந்தப் பொட்டிய எடுத்துடுங்க மொதலாளி. அதப் பாத்துத்தான் இப்புடி ஆடுறானுங்க.”

“அந்தப் பொட்டிதான் ஒனக்குச் சோறு போடுது. நாளைக்கு அவன்கிட்ட மன்னிப்புக் கேளு. இல்லாட்டி வராத.”

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையும் அவருடையதே. அங்கே தேங்காய் துருவும் பரிமளம்தான் கிழிந்த தோளைத் தைத்துவிட்டாள்.

“வேல போனா அப்பாவுக்கு மருந்து இல்லக்கா. செத்துரலாம் போல இருக்கு.”

பரிமளம் நூலைப் பல்லால் கடித்தாள். “என் இடுப்புலயும் ஒருத்தன் கை வச்சான். வாயத் தொறக்கல. கோப்பை கழுவுற சுகிர்தத்துக்கும் இதே கதிதான். தனித்தனியா அழுதா இவரு கேப்பாரா?”

மறுநாள் காலையில் மூவரும் வீடியோ கேம் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். கதவைத் திறக்க வழியில்லை.

“பொட்டி போகணும். எங்க மேல கை வச்சவன் உள்ள வரக்கூடாது,” என்றாள் பரிமளம்.

“மூணு பேருக்கும் இனி வேல இல்ல. பொலிசக் கூப்புடுறேன்,” என்றார் முதலாளி.

“கூப்புடுங்க. நடந்தத அவங்ககிட்டயும் சொல்றோம்,” என்றாள் சுகிர்தம்.

அவர் போனார். மழை பிடித்தது.  அப்பாவின் இருமல் டோரீனின் காதுக்குள் கேட்டது. எழுந்து போய் முதலாளியின் காலைப் பிடித்துவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

நோர்வூட் பஸ்ஸிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் இறங்கினார்கள்.

“என்ன புள்ள, மழையில இப்புடி?”

பரிமளம் வாயெடுப்பதற்குள் டோரீனே சொன்னாள். முதலில் குரல் உடைந்தது. பிறகு தெருவுக்கே கேட்டது.

விசாரித்த பெண் கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் தன் படங்குச் சாக்கை விரித்து டோரீனின் தலைக்கு மேலும் போர்த்தினாள். “தள்ளி ஒக்காரு.”

வளைவில் பொலிஸ் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது. படியில் இடம் போதவில்லை. மற்றவர்கள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் எழவில்லை.